மறுத்தவர் என்றொரு கட்டம்

1

போன மார்ச் மாசம் ஒரு நாள் காலையில வந்த நாலு வரி மின்னஞ்சலால என் கீபோர்டு ஒண்ணு வீணாப் போச்சு. படிச்ச வேகத்துல டீ டம்ளரை மேசையில அடிச்சு வெச்சேன், பாதி டீ அதுக்குள்ள இறங்கிருச்சு. ஐம்பதைத் தாண்டின வயசுல இந்தக் கோவம் உடம்புக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அவருக்கென்ன, அந்த மின்னஞ்சல் அவருக்கா வந்துச்சு?

நான் இருக்கிறது நியூசிலாந்துல, டவுராங்காங்கிற கடலோர ஊர்ல. சுத்தி எங்க பாத்தாலும் கிவிப் பழத் தோட்டம். பழத்தைத் தரம் பிரிச்சு, பெட்டியில அடுக்கி, கப்பல் ஏத்தற கம்பெனிங்க வரிசையா இருக்குது. அங்க வேலை செய்யற ஆளுங்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறதுதான் என் பொழைப்பு. பெட்டியைக் குனிஞ்சு தூக்கறது எப்படி, நகம் படாம பழத்தைப் பிடிக்கிறது எப்படி, மெஷின் நின்னா யாரைக் கூப்படறதுன்னு சொல்லித் தருவேன். சொன்னா ஊர்ல சிரிப்பீங்க. "பொட்டி தூக்கறதுக்கு ஒரு கிளாஸா?"ன்னு எங்க அண்ணன் இன்னிக்கும் குன்னூர்ல உக்காந்து கிண்டல் பண்ணுவான்.

அந்த நாலு வரியில இருந்தது இதுதான். தரம் பிரிக்கிற ஆளுங்க அறுபது பேருக்கு அரை நாள் வகுப்பு வேணும். தலைப்பு இது, தேதி இது. வகுப்பு முடிஞ்சதும் இணைச்சிருக்கிற படிவத்தை நிரப்பி அனுப்பணும். படிவத்தைத் திறந்தேன். வரிசையா பேருங்க. ஒவ்வொரு பேருக்கு நேராவும் ரெண்டே கட்டம். தமிழ்ல சொன்னா, ஒண்ணு 'முடித்தவர்', இன்னொண்ணு 'மறுத்தவர்'.

மூணாவது கட்டம் கிடையாது. காய்ச்சல்ல படுத்துக் கிடக்கிறவ எங்க போவா? பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வரத் தாமதமானவ எங்க போவா? இப்படி ஒரு வகுப்பு இருக்குதுன்னே யாரும் சொல்லாதவ எங்க போவா? எல்லாரும் அந்த ரெண்டாவது கட்டத்துக்குள்ளதான் போய் விழணும். வராதவங்க எல்லாம் மறுத்தவங்கன்னு எவன் முடிவு பண்ணினான்?

2

பதினோரு கேள்வி எழுதி அனுப்பினேன். வகுப்பு யாருக்காக? எந்தத் தப்பைத் திருத்த? தலைப்பு அந்த ஆளுங்களுக்குப் புரியுமா? யார், எந்த மொழியில அவங்களுக்குச் சொல்லுவீங்க? பட்டியலை வெச்சு என்ன பண்ணப் போறீங்க? இப்படிப் போகும் அந்தக் கேள்விங்க. என்கிட்ட வகுப்பு கேக்கற எல்லாருக்கும் அதைத்தான் அனுப்பறது. அதைப் பாத்து ஓடிப் போனவங்க நிறையப் பேர்.

ஹெதர்னு ஒரு பொண்ணு, அந்தக் கம்பெனியில ஆள் எடுக்கிற பிரிவுல இருக்கிறவ, போன்ல கூப்பிட்டா. குரல்ல தேன் வழிஞ்சுது. "சாரா, இவ்வளவு யோசிக்காதீங்க. எல்லாம் ஃபைலுக்காகத்தான்."

என் பேரு சரஸ்வதி. இங்க சாரா ஆயிருச்சு. அப்பா பேரு குடும்பப் பேராயிருச்சு. வந்து இறங்கின வருஷம் எல்லாப் படிவத்துலயும் ரெண்டு பேரு கேட்டாங்க, எனக்கு இருந்தது ஒரு பேரும் ஒரு இனிஷியலும். கட்டத்தை நிரப்பாட்டி கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாது. அன்னிக்கிலிருந்து எங்கப்பா பேரைச் சொல்லி என்னை 'மிஸ்டர் முத்துசாமி'ன்னு எழுதி வர்ற கடிதங்க ஒரு பெட்டி நிறைய இருக்குது.

"ஃபைல்ல வெச்சு என்ன பண்ணுவீங்க?"ன்னு ஹெதரைக் கேட்டேன்.

"அடுத்த சீசனுக்கு யாரைத் திரும்பக் கூப்படறதுன்னு முடிவு பண்றப்ப பாப்போம்."

"அது அந்த ஆளுங்களுக்குத் தெரியுமா?"

"யா, நா"ன்னா.

இந்த 'யா, நா'வைப் பத்தி ஒரு வார்த்தை. இந்த ஊர்க்காரங்க ஆமாம்னு ஆரம்பிச்சு இல்லைன்னு முடிப்பாங்க. அர்த்தம் இல்லைங்கிறதுதான். வந்த புதுசுல முதல் பாதியை மட்டும் கேட்டுட்டு, ஆமாம்னு நம்பி, ரெண்டு இடத்துல வேலை கிடைச்சுருச்சுன்னு ஊட்டுக்காரர்கிட்ட சொல்லி இனிப்பு வாங்கித் தின்னிருக்கோம். இப்ப விவரம் வந்துருச்சு. கடைசி எழுத்து வரைக்கும் காத்திருப்பேன்.

"மூணாவது கட்டம் போடுங்க. 'வரவில்லை, காரணம் கேட்கப்படவில்லை'ன்னு போடுங்க. பட்டியல் எதுக்குன்னு ஆளுங்களுக்கு முன்னாடியே சொல்லுங்க. அப்பத்தான் வருவேன்"னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

எதிர்ல என் பொண்ணு கீர்த்தனா உக்காந்திருந்தா. ஆக்லாந்துல ஆபீஸ் வேலை, லீவுக்கு வந்திருந்தா. தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்ற வயசு பத்து வருஷமா ஓடிக்கிட்டு இருக்குது. அன்னிக்கு அதிசயமா தமிழ்ல பேசினா. "அம்மா, அவங்க கிளையன்ட். கேட்டதைக் குடுத்துட்டுப் போயேன். ஒரு பாரத்துக்கா இவ்வளவு கோவம்?"

இதே வார்த்தையைத்தான் குன்னூர்ல எனக்கு வேலை குடுத்த மனுஷனும் சொன்னார். கேட்டதைக் குடும்மா. இவ எங்கிருந்துதான் பொறுக்கினாளோ!

ரெண்டு வாரம் கழிச்சு விஷயம் தெரிஞ்சுது. கேள்வி கேக்காத வேற ஒரு ஆளை வெச்சு வகுப்பை முடிச்சுட்டாங்களாம், அதே படிவத்தோட. நான் நியாயம் பேசினது என்னோட நிம்மதிக்கு. அந்த அறுபது பேருக்கு அதனால ஒரு கோடுகூட மாறல. அன்னிக்குத்தான் ஊருக்கு டிக்கெட் போட்டேன். ஏன்னு கீர்த்தனாகிட்ட சொல்லல. உங்ககிட்ட சொல்றேன்.

3

எங்க குடும்பம் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறினது. அப்பா குன்னூர்ல ஜவுளிக்கடையில கணக்கு எழுதினார். நான் படிச்சு முடிச்ச வருஷங்கள்லதான் தேயிலை விலை விழுந்துச்சு. விழுந்துச்சுன்னா எந்திரிக்கவே இல்ல. ஃபாக்டரி ஒவ்வொண்ணா மூடினாங்க. சின்னத் தோட்டக்காரங்க பறிச்ச கொழுந்தைக் கொண்டு போய் ஃபாக்டரி வாசல்ல கெஞ்சினாங்க. எஸ்டேட்ல சம்பளம் தள்ளிப் போச்சு. ஜவுளிக்கடையில தீபாவளிக்கே துணி மடிப்புக் கலையல.

அந்த நேரத்துல எல்லாரும் ஒரே மந்திரத்தைச் சொன்னாங்க. தூள் மட்டம், அதனால விலையில்ல. தூள் ஏன் மட்டம்? பறிக்கிறவ முத்தின இலையைச் சேத்துப் பறிக்கிறா. அப்ப யாரைத் திருத்தணும்? பறிக்கிறவளைத்தான். ஏலத்துல நடக்கிறது, தேய்ஞ்சு போன மெஷினு, உரம் போடாத செடி, இதையெல்லாம் பத்தி யாரும் வாயைத் திறக்கல. கொழுந்துக் கூடை சுமக்கிற பொம்பளைக்கு மூணு நாள் வகுப்பு எடுத்தா தேயிலை விலை ஏறிருமாம். இப்ப நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

அதுல எனக்கு வேலை கிடைச்சுது பாருங்க, அதுதான் கொடுமை. தேவராஜ் சார்னு ஒருத்தர் குன்னூர்ல பேக்கரிக்கு மாடியில பயிற்சி ஆபீஸ் வெச்சிருந்தார். அவரும் நானும்தான் ஆபீஸ். ஒரு நாள் நடுவட்டத்துக்குப் பக்கத்து எஸ்டேட்ல இருந்து மேனேஜர் போன் பண்ணினார். எஸ்டேட் பேரு வேண்டாம். தேவராஜ் சார் கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒண்ணைத் திருப்பி, அதுல எழுதினார். 'ஃபைன் பிளக்கிங். மூணு நாள். அறுபது பேர். லிஸ்ட் வேணும்.' அவ்வளவுதான். போனை வெச்சுட்டார்.

"எதுக்கு சார் லிஸ்ட்?"ன்னு கேட்டேன்.

"கேட்டதைக் குடும்மா"ன்னார்.

ஃபைன் பிளக்கிங்னா என்னன்னு எனக்குத் தெரியும். ரெண்டு இலை, ஒரு மொட்டு. பிஞ்சை மட்டும் நயமாப் பறிக்கிறது. புஸ்தகத்துல படம் போட்டிருந்துச்சு. படம் வரைஞ்ச சார்ட், கலர் பேனா, எல்லாம் எடுத்துக்கிட்டு பஸ் ஏறினேன். அந்த எஸ்டேட்டுக்கு முன்னாடியே ஒரு தடவை போயி, ஆளுங்களோட உக்காந்து பேசி, அவங்க என்ன பாஷையில பேசறாங்க, எதுக்குப் பயப்படறாங்கன்னு கேக்கணும்னு எனக்கும் தோணல, சாருக்கும் தோணல, மேனேஜருக்கும் தோணல.

4

முதல் நாள் காலையில நான் போய்ச் சேர்றதுக்குள்ள மஸ்டர் ஷெட்டுல, அதாவது காலையில ஆளைப் பிரிச்சு வேலைக்கு அனுப்பற பெரட்டுக் களத்துல, ஒரு போர்டு மாட்டறதுக்குத் தயாரா வெச்சிருந்தாங்க. மேனேஜர் சொல்லி எழுதினது. 'ஃபைன் பிளக்கிங் பயிற்சி. அனைவரும் வந்து கையெழுத்திடவும்.'

ஃபீல்டு ரைட்டர் மாரிமுத்து அதைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னார். செக்ரோல்ங்கிற வருகைக் கணக்கு எழுதற ஆள். சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பம். ஒல்லியா, ஸ்வெட்டர்ல முழங்கை கிழிஞ்சு, ரொம்ப மரியாதையாப் பேசினார்.

"மேடம், இந்த வார்த்தை வேண்டாமுங்களே. ஃபைன்னு போட்டா இங்க வேற மாதிரி எடுத்துக்குவாங்க."

"துரை குடுத்த தலைப்புங்க. நான் எப்படி மாத்தறது?"ன்னேன். அவரும் அதுக்கு மேல பேசல, மாட்டிட்டார். வேற மாதிரின்னா எப்படின்னு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?

வகுப்பு எஸ்டேட்டோட பிள்ளைக்காம்பராவுல. குழந்தைங்களை விட்டுட்டு வேலைக்குப் போற ரூமுக்கு சிலோன்காரங்க சொல்ற பேரு அது. தொட்டிலைச் சுருட்டி மேல கட்டிட்டு பெஞ்சு போட்டிருந்தாங்க. பெர்மனன்ட் ஆளுங்க நாப்பத்தியொரு பேரை ஃபீல்டு ஆபீசர் நேரா கூட்டிட்டு வந்து உக்கார வெச்சார். டெம்பரரி ஆளுங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. அவங்களுக்குப் போர்டு மட்டும்தான். பத்தொன்பது பொம்பளைங்க. மூணு நாள்லயும் ஒருத்திகூட வரல.

எனக்கு என்ன வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? எரிச்சல் வந்துச்சு. ஓசியில சொல்லித் தர்றோம், வந்து உக்கார வலிக்குதான்னு. இருபத்தாறு வயசுல எனக்கு அவ்வளவுதான் புத்தி.

மூணாவது நாள் சாயங்காலம் மேனேஜர் குடுத்தனுப்பின பாரத்தை மாரிமுத்து கொண்டு வந்தார். இங்கிலீஷ்ல அடிச்ச பாரம். பேருக்கு நேரா ரெண்டு கட்டம், 'அட்டெண்டட்', 'ரெஃப்யூஸ்ட்'. வந்தவர், மறுத்தவர். வந்த நாப்பத்தியொரு பேருக்கும் டிக் போட்டேன். மிச்சப் பேருக்கு வந்ததும் பேனா நின்னுச்சு. நின்னுச்சுங்க, அதைச் சொல்லாம விட முடியாது.

மாரிமுத்து பையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்தார். "மேடம், இங்க ஒரு கோடு போட்டு 'வரலை'ன்னு தனியாக் காட்டிரலாமுங்களா? இவங்க யாரும் மறுக்கலைங்க. இவங்களை யாரும் கேக்கவே இல்லைங்க."

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்துச்சு. "துரை குடுத்த பாரத்துல நாம கோடு போடக் கூடாதுங்க"ன்னு சொன்னேன். பத்தொன்பது பேருக்கும் 'மறுத்தவர்' கட்டத்துல டிக் போட்டேன். கீழ கையெழுத்தும் போட்டேன். அழகான கையெழுத்து எனக்கு, பள்ளிக்கூடத்துல பரிசே வாங்கியிருக்கேன்.

5

மூணு நாலு மாசம் கழிச்சு கூடலூர்ல ஒரு வேலையை முடிச்சுட்டு வர்றப்போ நடுவட்டத்துல பஸ் மாறினேன். டீக்கடை ஓரத்துல நாலஞ்சு பொம்பளைங்க, கையில கேரட் காட்டுக்குப் போற கொத்தும் சாக்குமா நின்னுக்கிட்டு இருந்தாங்க. அதுல ஒருத்தி என்னையே பாத்தா. கிட்ட வந்தா.

"நீங்கதானே எஸ்டேட்டுக்கு கிளாஸ் எடுக்க வந்த டீச்சரம்மா?"

அவ பேரு பாக்கியம். அப்ப முப்பது முப்பத்திரெண்டு வயசு இருக்கும். சின்னப் பிள்ளையா சிலோன்ல இருந்து வந்தவ. அந்த எஸ்டேட்ல எட்டு வருஷமா டெம்பரரி. அடுத்து பெர்மனன்ட் ஆக்கற வரிசையில முதல் பேரு அவளோடது. பெர்மனன்ட்னா சும்மா இல்லைங்க. எஸ்டேட் குடுக்கிற லைன் ஊடு நிலைக்கும், ஆஸ்பத்திரி உண்டு, லீவு உண்டு, வயசான காலத்துக்கு ஏதோ ஒண்ணு கைக்கு வரும். அதுக்குத்தான் அவ எட்டு வருஷம் அட்டைக்கடியில நின்னா.

"பத்தொன்பது பேரையும் நிறுத்திட்டாங்க. ட்ரெயினிங் வேண்டாம்னு சொன்னீங்களாமே, அப்ப வேலையும் வேண்டாம்னு தொரை சொல்லிட்டாரு."

"நீங்க ஏன் வரலை?"

என்னை ஏதோ புத்தி மாறினவளைப் பாக்கற மாதிரி பாத்தா. "ஃபைன் போடற கிளாஸுக்கு நானே வந்து கையெழுத்துப் போடணுமா டீச்சரம்மா? முத்தின இலை இருந்தா ஃபைன், எடை கம்மின்னா ஃபைன். அரைப்பேரு போட்டுட்டு, நோட்டுல கையெழுத்து வாங்கிருவாங்க. எழுதிக் குடுத்தா நாம தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி. பெர்மனன்ட் ஆகப் போற நேரத்துல எவளாச்சும் போய்க் கையெழுத்துப் போடுவாளா?"

அரைப்பேருன்னா அரை நாள் கூலி. அங்க ஃபைன்னா அபராதம். வேற எந்த அர்த்தமும் அந்த மலையில கிடையாது. மேனேஜர் நயம்னு சொன்னார், நான் நயம்னு எடுத்துக்கிட்டேன், அவங்க அபராதம்னு படிச்சாங்க. படிச்சது சரிதான். அவங்க வாழ்க்கையில அந்த வார்த்தை வேற எதுக்கும் வந்ததில்லையே!

"ரெண்டு இலை ஒரு மொட்டு எடுக்கிறதைப் பத்தின கிளாஸ் அது"ன்னு சொன்னேன்.

பாக்கியம் சிரிச்சா. "அதை நான் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பேனே." அப்புறம் முகம் மாறிருச்சு. "எல்லாம் அந்த மாரிமுத்து பண்ணின வேலை. சொந்தப் பெரியப்பா மகன். அவன்தான் எங்க பேரை மறுத்துட்டாங்கன்னு எழுதிக் குடுத்துட்டான். வேலை இல்லைன்னு பெரட்டுக் களத்துல நின்னு வாசிச்சவனே அவன்தான். விளங்குவானா அவன்?"

வாயைத் திறந்து 'அவர் இல்ல, நான்'னு சொல்ல ரெண்டு விநாடி போதும். பஸ் வந்துச்சு. ஏறிட்டேன்.

மறுநாள் தேவராஜ் சார்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், அழுதேன், கத்தினேன். அவர் மேனேஜருக்குப் போன் போட்டு என் கையில குடுத்தார். நான் சொன்னது முழுசும் மேனேஜர் பொறுமையாக் கேட்டார். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டார். "கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானேம்மா?" ஆமாங்கன்னேன். "அப்புறம் என்ன?"ன்னு வெச்சுட்டார்.

அவருக்கு ஆளைக் குறைக்கணும். அதுக்கு ஒரு பேப்பர் வேணும். எங்களைக் கூப்பிட்டதே அதுக்காகத்தான்னு இப்ப எனக்குச் சத்தியமாத் தெரியும். ஆனா அன்னிக்கு போன் வந்தப்பவே லிஸ்ட் எதுக்குன்னு நாங்க திருப்பிக் கேட்டிருந்தா, அந்த ஆள் ஒண்ணு உண்மையைச் சொல்லியிருக்கணும், இல்ல பொய் சொல்லியிருக்கணும். ரெண்டுக்கும் நாங்க அவனைச் சிரமப்படுத்தல. அதைத்தான் என்னால பொறுக்க முடியல.

6

அடுத்த வருஷம் கல்யாணம், அதுக்கடுத்த வருஷம் விமானம். கடல் தாண்டினா எல்லாம் கழுவிப் போயிரும்னு நினைச்சேன். இங்க வந்து முதல்ல பழம் அடுக்கினேன், அப்புறம் அடுக்கச் சொல்லித் தந்தேன், அப்புறம் அதையே தொழிலா வெச்சுக்கிட்டேன். "சாரா ரொம்பக் கறாரு, முன்னாடியே வந்து ஆளுங்களோட உக்காந்து சாப்பிடுவா, ஒவ்வொரு வார்த்தைக்கும் என்ன அர்த்தம்னு கேப்பா"ன்னு இங்க எனக்கு நல்ல பேரு. ஒரு தடவை கேடயம்கூடக் குடுத்தாங்க. மேடையில நின்னு வாங்கினப்போ மாரிமுத்துவோட கிழிஞ்ச ஸ்வெட்டர் ஞாபகம் வந்து, நன்றின்னு சொல்லக்கூட முடியாம இறங்கினேன். ரொம்ப அடக்கமான ஆளுன்னு அதுக்கும் பாராட்டு!

ஊரு ஊரா இருக்கிற மேனேஜருங்க மேல எல்லாம் கோவப்பட்டேன். ஹெதர் மேல கோவப்பட்டேன். பாவம் கீர்த்தனா மேலயும் எரிஞ்சு விழுந்தேன். பாக்கியத்துகிட்ட சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் மட்டும் இத்தனை வருஷமும் அப்படியே கிடந்துச்சு. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போறேன். குன்னூர்ல இருந்து நடுவட்டம் என்ன, டவுராங்காவா? போக முடியலைன்னு யார்கிட்ட கதை விடறது?

7

மே மாசம் போனேன். அண்ணன் காரை எடுக்கறேன்னான், வேண்டாம்னு பஸ்ஸுலயே போனேன். நடுவட்டம் டீக்கடையில பாக்கியம்னு கேட்டதும் வழி காட்டிட்டாங்க. ரோட்டுக்கு மேல நாலஞ்சு ஊடு, ஓரத்து ஊடு அவளோடது. இல்ல, அவங்களோடது. இப்ப ஐம்பத்தஞ்சு தாண்டியிருக்கும். கேரட் கழுவிக் கழுவி விரலெல்லாம் வளைஞ்சு போச்சு, இடுப்பு நிமிரல. என்னை அடையாளம் தெரியல. சொன்னதும் தெரிஞ்சுது.

"அட, டீச்சரம்மா! உக்காருங்க, உக்காருங்க"ன்னு பாயை உதறிப் போட்டாங்க.

உக்காரல. உக்காந்தா சொல்ல மாட்டேன்னு எனக்கே தெரியும். "அந்தப் பேப்பர்ல நீங்க மறுத்துட்டீங்கன்னு டிக் போட்டது மாரிமுத்து இல்லீங்க. நான்தான். அவர் ஸ்கேல் எடுத்து, கோடு போட்டு, வரலைன்னு எழுதச் சொன்னார். நான் கேக்கல. பஸ் ஸ்டாப்புல நீங்க அவரைத் திட்டினப்போவும் நான் வாயைத் திறக்கல."

பாக்கியம் சுவத்துல சாஞ்சு நின்னாங்க. கத்துவாங்கன்னு நினைச்சேன். கத்தட்டும்னுதான் போனேன். "மாரிமுத்து அண்ணன் செத்து அஞ்சு வருஷம் ஆச்சு"ன்னாங்க. "இதே வரிசையில நாலாவது ஊடு. சாவு மேளம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. பத்தொன்பது குடும்பத்துல ஒருத்தரும் போகல. நானும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தேன்."

"மன்னிச்சு…"ன்னு ஆரம்பிச்சேன்.

"அதெல்லாம் எனக்கு எதுக்கு?" இப்பத்தான் குரல் உயர்ந்துச்சு. "என் வேலை போனது போச்சு. அதுக்கு நான் அழுது முடிச்சுட்டேன். கூடப் பொறந்த மாதிரி இருந்தவனை இத்தனை வருஷம் ஏசிக்கிட்டு இருந்தேனே, அதை யாரு திருப்பித் தருவா? ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு இத்தனை வருஷமா? நீங்கெல்லாம் படிச்சவங்கதானே?"

பாக்கியம் துண்டைத் தலையில போட்டுக்கிட்டாங்க. "வாங்க. எங்கிட்ட சொன்னதை அங்க வந்து சொல்லுங்க."

நாலாவது ஊட்டுக்கு முப்பது நாப்பது அடிதான். சாரல் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பாக்கியம்தான் கதவைத் தட்டினாங்க. மாரிமுத்துவோட சம்சாரம் வந்து திறந்தாங்க. நரைச்ச தலை, சின்ன உருவம். பாக்கியத்தை வாசல்ல பாத்ததும் கதவைப் பிடிச்ச கை அப்படியே நின்னுச்சு.

நான் சொன்னேன். ஒரு வார்த்தையும் விடாம, இந்தத் தடவை நிதானமா, யாரும் வேற மாதிரி எடுத்துக்க முடியாதபடி சொன்னேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. "தெரியும்"னாங்க. "அந்தக் கிளாஸ் எடுத்த பிள்ளை போட்ட டிக்குன்னு அவரு சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாரு. என்னைத் தவிர யாரும் நம்பல."

அப்புறம் என்னை விட்டுட்டு பாக்கியத்தைப் பாத்தாங்க. "உள்ள வா"ன்னாங்க.

பாக்கியம் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனாங்க. கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் அழற சத்தம் கேட்டுச்சு. என்னை யாரும் கூப்பிடல. கூப்பிடக் கூடாது, அதுதான் நியாயம். நான் வாசல்லயே நின்னேன்.